ஒரே சாலை, இரு பயணம்

நுழையும்முன்

சாலையில் எதிர்ப்படும் ஒவ்வொரு வாகனத்தையும் ஒரு மனிதரே செலுத்துகிறார். விரைவிலும் நெரிசலிலும் இவ்வுண்மை மறந்துபோகிறது. மிதிவண்டியில் செல்பவருக்கும் மகிழுந்தில் செல்பவருக்கும் இடையே சாலையில் பிணக்கு மூள்கிறது. அவ்விருவரும் ஒரே அலுவலகத்தில் பணிபுரிவோராக இருந்தால் அப்பிணக்கை எவ்வாறு தீர்ப்பது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

வெளிவட்டச் சாலை

கர்நாடக மாநிலத்தின் தலைநகரான பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கோடைக்காலத்திலும் அங்கே காலைப்பொழுது இதமாக இருக்கும். மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்ற தட்பவெப்பம் அந்நகருக்கு இயற்கையாகவே வாய்த்துள்ளது. ஆயினும், மிதிவண்டியில் அலுவலகம் செல்வது அங்கே எளிதன்று. சாலைகளில் இடம் குறைவு, வாகனங்களோ மிகுதி.

நகரின் தென்கிழக்கிலும் கிழக்கிலும் செல்லும் வெளிவட்டச் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில்க் போர்டு சந்திப்பு முதல் கிருஷ்ணராஜபுரம் வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளும் அச்சாலையின் இருமருங்கிலும் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்துள்ளன. தமிழ்நாட்டிலிருந்து சென்று பெங்களூருவில் குடியேறிய பலரும் அங்குப் பணிபுரிகின்றனர். காலையிலும் மாலையிலும் பேருந்துகளும் மகிழுந்துகளும் இருசக்கர வாகனங்களும் அச்சாலையில் ஊர்ந்து செல்லும்.

அந்நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் 2019ஆம் ஆண்டு அச்சாலையில் பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, கூட்டத்தைத் தவிர்க்க விரும்பிய மக்கள் பலர் மிதிவண்டியை நாடினர். 2020ஆம் ஆண்டு நகர நிலப் போக்குவரத்து இயக்ககத்தின் முயற்சியால் அதே சாலையில் மிதிவண்டிக்கென ஒரு தற்காலிகத் தடமும் உருவாக்கப்பட்டது. நெகிழிக் கம்பங்களை நட்டு, சாலையின் ஓரத்தை மிதிவண்டி ஓட்டுவோருக்குப் பிரித்துக் கொடுத்தனர்.

அத்தடம் நீண்டநாள் நிலைபெறவில்லை. கம்பங்கள் பல உடைந்தன. நெரிசலுக்கு அஞ்சிய இருசக்கர வாகன ஓட்டிகள் தடத்திற்குள் நுழைந்தனர். மெட்ரோ ரயில் பாதை அமைக்கும் பணிகளும் அதே சாலையில் தொடங்கின. எனவே, மிதிவண்டி ஓட்டுபவர் மீண்டும் மகிழுந்துகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையிலேயே செல்ல வேண்டியவரானார். பிணக்குகள் பிறப்பது இத்தகைய இடங்களில்தான்.

ஒரு காலைப்பொழுது

அச்சாலையை ஒட்டிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருவர் பணிபுரிகின்றனர் எனக் கொள்க. ஒருவர் இளைஞர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து பெள்ளந்தூர் வரை நாள்தோறும் மிதிவண்டியில் வருபவர். மற்றவர் வயதில் மூத்தவர். கன்னடக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மகிழுந்தில் அலுவலகம் வருபவர். இருவரும் வெவ்வேறு பிரிவினர். உணவுக்கூடத்தில் எதிர்ப்பட்டால் புன்னகைத்துக்கொள்வர். அவ்வளவே அவர்களின் பழக்கம்.

ஒருநாள் காலை இளைஞர் சாலையின் இடப்புறமாகச் சென்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த மகிழுந்து ஒன்று அவரை நெருக்கமாக முந்தியது. முந்திய வேகத்திலேயே இடப்பக்கம் திரும்பி அணுகுசாலைக்குள் நுழைந்தது. இளைஞரின் பாதை அடைபட்டது. அவர் நிறுத்துவிசையை இறுகப் பிடித்தார். மிதிவண்டி சறுக்கிச் சாலையோரக் கல்லில் மோதி நின்றது. முழங்கையில் தோல் உரிந்தது. அவர் உரத்த குரலில் ஏதோ கத்தினார். மகிழுந்து நிற்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து அவர் அலுவலகத்தை அடைந்தார். வாகன நிறுத்துமிடத்தில் அதே மகிழுந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர், உணவுக்கூடத்தில் நாள்தோறும் தம்மைப் பார்த்துப் புன்னகைக்கும் அந்த மூத்தவர்!

எழுதி அழித்த செய்தி

இளைஞரின் நெஞ்சு கொதித்தது. இருக்கையில் அமர்ந்ததும் கைப்பேசியை எடுத்தார். அலுவலகத்தார் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மகிழுந்தின் எண்ணைத் தட்டச்சு செய்தார். "இத்தகையவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுத்தது யார்?" என்று தொடர்ந்தார். அனுப்பும் முன் ஒரு கணம் தயங்கினார்.

அச்செய்தி சென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இருநூறு பேர் படித்திருப்பர். சிலர் இளைஞரின் பக்கம் சேர்ந்திருப்பர், வேறு சிலர், "மிதிவண்டிக்காரர்கள் மட்டும் விதிப்படியா செல்கின்றனர்?" என்று வினவியிருப்பர். அவமானப்பட்ட மூத்தவர் தம்மைக் காத்துக்கொள்ளவே சொற்களைத் தேடியிருப்பார். அன்று சாலையில் நிகழ்ந்தது என்ன என்பதை எவரும் கேட்டறிந்திருக்க மாட்டார்.

இளைஞர் அச்செய்தியை அழித்தார். காயத்தைக் கழுவி மருந்திட்டார். அன்று அவர் அந்த மூத்தவரிடம் பேசவில்லை. சினம் தணியாத நாளில் சொல் சறுக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வெகுளாமைக்கும் இனியவை கூறலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். வெகுளி தணிந்த பின்னரே இனிய சொல் பிறக்கும்.

தேநீர் வேளை

மறுநாள் மாலை, தேநீர் வேளையில் இளைஞர் மூத்தவரை அணுகினார். பிறர் அருகில் இல்லாத நேரம் பார்த்தே சென்றார்.

"அண்ணா, உங்களிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இப்போது இயலுமா?" என்றார்.

அண்ணன் என்பதைக் குறிக்கும் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. அவ்வழைப்பைக் கேட்ட மூத்தவர், "சொல்லுங்கள் தம்பி" என்று தமிழிலேயே விடையளித்தார்.

"நேற்றுக் காலை ஒன்பது மணியளவில் அணுகுசாலைத் திருப்பத்தில் உங்கள் கார் என்னை முந்திச் சென்று, உடனே இடப்பக்கம் திரும்பியது. எனக்கு நிறுத்த இடமில்லை. கல்லில் மோதி விழுந்தேன். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது. நான் மிகவும் அஞ்சிவிட்டேன். அதை உங்களிடமே சொல்ல வேண்டும் என்று எண்ணினேன்."

மூத்தவரின் முகம் மாறியது. "நீங்களா அது? யாரோ கத்துவது கேட்டது. எவரோ வம்புக்கு அழைக்கிறார் என்று எண்ணி நிற்காமல் வந்துவிட்டேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை தம்பி. அடி பலமா?"

இளைஞர் முழங்கையைக் காட்டினார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

பின்பு மூத்தவர் தம் பக்கத்தைக் கூறினார். மகளைப் பள்ளியில் விடுவதற்குத் தாமதமாகிவிட்டது. ஒன்பதரை மணிக் கூட்டத்திற்குள் வந்துசேர வேண்டியிருந்தது. முந்தியபோது மிதிவண்டியைக் கண்டார். திரும்பும்போது அது பின்தங்கியிருக்கும் என்று எண்ணினார். "உங்கள் வேகத்தைக் குறைவாகக் கணித்துவிட்டேன். பக்கக் கண்ணாடியிலும் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்" என்றார். சற்றுத் தயங்கி, "ஒன்று சொல்லலாமா? மாலையில் இருட்டிய பிறகு உங்களைப் போன்றோர் விளக்கில்லாமல் செல்லும்போது எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது" என்றும் கூறினார்.

இளைஞருக்கு முதலில் சினம் வந்தது. நேற்று நிகழ்ந்தது பகலில் அல்லவா? ஆனால், தம் மிதிவண்டியின் பின்விளக்கு பழுதடைந்து இருமாதம் ஆனதும் அவர் நினைவுக்கு வந்தது. "அது வேறு செய்தி அண்ணா. எனினும் நீங்கள் சொல்வது சரிதான். விளக்கை நான் மாற்றிவிடுகிறேன்" என்றார்.

திருப்பத்தில் இருவர்

அன்று மாலை இருவரும் அதே திருப்பத்திற்கு நடந்து சென்றனர். சாலையோரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தனர். ஒன்றன்பின் ஒன்றாக மகிழுந்துகள் மிதிவண்டிகளை முந்திச் சென்று, அதே இடத்தில் இடப்பக்கம் திரும்பின. மிதிவண்டியில் சென்ற ஒரு முதியவர் இருமுறை காலூன்றி நின்றார். தனித்தடத்தின் அடையாளமாக ஓர் உடைந்த கம்பத்தின் அடிப்பகுதி மட்டும் அங்கே எஞ்சியிருந்தது.

"நேற்று நான் செய்ததையே இத்தனை பேர் செய்கின்றனர்" என்றார் மூத்தவர்.

அவர் தம் தவற்றை அதனால் மறுக்கவில்லை. ஆனால், தவறு எளிதாக நிகழும்படி அத்திருப்பம் அமைந்துள்ளது என்பதை இருவரும் கண்டனர். மகிழுந்தை மெதுவாகத் திருப்பச் செய்யும் வளைவு அங்கில்லை. எச்சரிக்கைப் பலகையும் இல்லை. இருவரும் அதனைப் படமெடுத்தனர். இருவர் பெயரிலும் ஒரு விண்ணப்பம் எழுதிப் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் அனுப்பினர். விண்ணப்பத்தின் பயன் தெரிய நாளாகும். ஆனால், மூத்தவர் மறுநாள் முதல் அத்திருப்பத்தில் மிதிவண்டியின் பின்னால் காத்திருந்து, அது கடந்த பின்பே திரும்பினார். இளைஞர் புதிய பின்விளக்கைப் பொருத்தினார்.

யாருக்குப் பொறுப்பு மிகுதி?

இருவரும் தத்தம் குறையை ஒப்புக்கொண்டனர். எனினும் இருவர் பொறுப்பும் சமமன்று. இதனைக் கணக்கிட்டே காணலாம்.

ஒரு மகிழுந்தின் எடை 1200 கிலோகிராம். அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனக் கொள்க. மிதிவண்டியும் அதனை ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோகிராம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் எடைக்கு ஏற்பவும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் பெருகும். இதன்படி அம்மகிழுந்தின் இயக்க ஆற்றல் மிதிவண்டியினுடையதைப் போல் நூறு மடங்குக்கும் மேலாகும். மேலும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு நிறுத்துவிசையை மிதிப்பதற்குள் வாகனம் அவ்வளவு தொலைவு சென்றிருக்கும். ஆகவே, மகிழுந்து ஓட்டுபவர் செய்யும் சிறுபிழை மிதிவண்டி ஓட்டுபவரின் உயிரைப் பறிக்கலாம். மிதிவண்டி ஓட்டுபவரின் பிழையால் மகிழுந்தில் உள்ளவர் உயிரிழப்பது மிக அரிது.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நடந்து செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சாலை விதிநூல், மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தைச் செலுத்துபவருக்கே பொறுப்பும் மிகுதி என்கிறது. மிதிவண்டியை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. ஜெர்மனியில் இவ்விடைவெளி நகருக்குள் 1.5 மீட்டர், நகருக்கு வெளியே 2 மீட்டர்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. சாலையில் காட்டும் பொறுமை வெறும் நற்பண்பு மட்டுமன்று. அஃது உயிர்காக்கும் செயலாகும்.

பேசித் தீர்க்கும் முறை

மேற்கண்ட நிகழ்விலிருந்து ஐந்து நெறிகளை அறியலாம்.

1. காலம் அறிதல்: சினம் பொங்கும் வேளையில் பேசாதிருத்தல். ஆனால், வாரக்கணக்கில் மனத்துள் வைத்துப் புழுங்காதிருத்தல்.

2. இடம் அறிதல்: பலர் முன்னிலையிலோ குழுச் செய்தியிலோ குற்றம் சாட்டாமல் தனியே பேசுதல்.

3. நிகழ்ந்ததைக் கூறுதல்: "நீங்கள் பொறுப்பற்றவர்" என்பது ஒருவரின் இயல்பைப் பழிப்பது. "உங்கள் கார் என்னை முந்தி உடனே திரும்பியது" என்பது நிகழ்ந்ததைக் கூறுவது. முன்னது வாதத்தை வளர்க்கும். பின்னது விடையை வரவழைக்கும்.

4. செவிமடுத்தல்: மற்றவர் கண்டதையும் காணாததையும் கேட்டறிதல். தம் பக்கக் குறையைச் சுட்டினால் அதனை ஏற்றல்.

5. அடுத்த செயலை முடிவு செய்தல்: மன்னிப்போடு நில்லாமல், மறுநாள் முதல் எதனை மாற்றிக்கொள்வது என்று தெளிதல்.

இந்நெறிகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் வேண்டுமென்றே வாகனத்தால் மிரட்டினாலோ துரத்தினாலோ அது பிணக்கன்று, குற்றமாகும். அப்போது தனியே சென்று பேசுதல் கூடாது. பாதுகாப்பான இடத்தை அடைந்து 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். சிறுவர்கள் உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும்.

முகம் தெரிந்த சாலை

சாலையில் ஒருவருக்கு மற்றவரின் முகம் தெரிவதில்லை. மகிழுந்தின் உள்ளிருப்பவருக்கு முன்னால் செல்வது ஒரு மிதிவண்டி. மிதிவண்டியில் செல்பவருக்குப் பின்னால் வருவது ஒரு மகிழுந்து. வாகனம் தெரிகிறது, மனிதர் மறைந்துவிடுகிறார். அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அந்த இளைஞருக்கு அம்மனிதரின் முகம் தெரிந்தது. அதனால்தான் அவர் எழுதிய செய்தியை அழித்தார்.

முன்பின் அறியாதவர் ஓட்டும் வாகனத்திலும் ஒரு முகம் உண்டு. அவரும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு விரைபவராக இருக்கலாம். பழுதடைந்த விளக்கை மாற்ற மறந்தவராக இருக்கலாம். அதனை நினைவிற்கொண்டு வாகனம் செலுத்துபவர், உடன் பணிபுரிபவருக்குக் காட்டும் அக்கறையை அனைவருக்கும் காட்டுவார்.

தெரிந்து கொள்வோம்

நிறுத்திய மகிழுந்தின் கதவைத் திடீரெனத் திறந்தால், அருகில் வரும் மிதிவண்டி அதில் மோதக்கூடும். இதனைத் தவிர்க்க நெதர்லாந்து நாட்டின் பெயரால் அறியப்படும் எளிய பழக்கம் ஒன்று உண்டு. கதவுக்கு அருகிலுள்ள கையால் திறக்காமல், தொலைவிலுள்ள கையால் திறப்பதே அது. இந்தியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், அவர் இடக்கையால் கதவைத் திறக்க வேண்டும். அவ்வாறு செய்கையில் உடல் தானாகவே திரும்பும்; பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

சொல்லும் பொருளும்

பிணக்கு – மனவேறுபாடு, சச்சரவு
மகிழுந்து – கார்
அணுகுசாலை – பெருஞ்சாலையை ஒட்டிச் செல்லும் சிறுசாலை
நிறுத்துவிசை – பிரேக்
இருமருங்கு – இரண்டு பக்கம்
வெகுளி – சினம்
செவிமடுத்தல் – கவனத்துடன் கேட்டல்

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடையளிக்க.

1. வெளிவட்டச் சாலையில் மிதிவண்டித் தடம் எந்த ஆண்டு உருவாக்கப்பட்டது?
2. அத்தடம் நிலைபெறாமைக்கு உரிய காரணங்கள் யாவை?
3. மூத்தவர் வாகனத்தை நிறுத்தாமல் சென்றது ஏன்?

ஆ. சுருக்கமாக விடையளிக்க.

1. குழுச் செய்தியை அனுப்பியிருந்தால் விளைந்திருக்கக்கூடியவை யாவை?
2. இருவரும் குறையை ஒப்புக்கொண்டும், பொறுப்பு சமமன்று என்று பாடம் கூறுவது ஏன்?
3. பேசித் தீர்க்கக் கூடாத சூழல் எது? அப்போது செய்ய வேண்டியது என்ன?

இ. பழிக்கும் தொடரை நிகழ்ந்ததைக் கூறும் தொடராக மாற்றுக.

எடுத்துக்காட்டு: "உனக்குக் கண் தெரியாதா?" – "நீ திரும்பியபோது உன் மிதிவண்டி என் காலில் பட்டது."

1. "நீ எப்போதும் தாமதமாகத்தான் வருவாய்."
2. "உங்களுக்குப் பிறரைப் பற்றிக் கவலையே இல்லை."
3. "உன்னிடம் எதையும் கொடுத்தால் உடைத்துவிடுவாய்."

ஈ. பிரித்து எழுதுக.

1. சாலையோரம்
2. தனித்தடம்
3. இவ்வுண்மை
4. பின்விளக்கு

உ. கலந்துரையாடுக.

"விளக்கைப் பற்றி மூத்தவர் அப்போது பேசியது பொருத்தமா?" என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கருத்துகளைக் கூறுக.

ஊ. செயல்பாடு

பெரியவர் ஒருவரின் துணையுடன் பள்ளி வாயிலருகே பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் நின்று, நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் எவ்விடத்தில் தயங்கி நிற்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்க. அவ்விடத்தில் செய்ய வேண்டிய மாற்றத்தைக் கேட்டுப் பள்ளி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.